வலிக்கு ஒரு குழு

பருத்திக் காயிலிருந்து பஞ்சைச் சுளையாகப் பிடுங்க மூன்று விரல் நுனி வேண்டும். சின்ன வெங்காயத்தில் தாள் அறுக்க, மக்காச்சோளக் கதிரில் தோகை உரிக்க, மாட்டில் பால் பீச்ச, தறியில் அறுந்த இழையை முடிய, எல்லாவற்றுக்கும் விரல்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிழைப்பில் பாதி விரல் கணுக்களில் நடக்கிறது. சரவாங்கி முதலில் வந்து உட்காருவதும் அந்தக் கணுக்களில்தான்.

மருத்துவர்கள் முடக்குவாதம் என்று எழுதும் இந்த நோயை மூட்டுத் தேய்மானத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வது இன்னும் நின்றபாடில்லை. தேய்மானம் பெரும்பாலும் வயதான காலத்தில் முழங்காலைப் பிடிக்கும். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். சரவாங்கி முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரமாவது விரல் மடங்காது. கோலமாவை எடுக்கக் கை குவியாது. வெயில் ஏறி, கை நாலு வேலை பார்த்த பிறகுதான் இளகும். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தின்னத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

புனே பக்கம் பிக்வான் என்ற ஊரில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு 1996-ல் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கத் தொடங்கியது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குச் சரவாங்கி இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூரில் 7,54,894 பேர். பிக்வான் விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து நாலாயிரம் பேருக்கு மேல் வருகிறது. இவர்களுக்கான மருந்து கடந்த நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. அந்த மருந்தோடும் நோயோடும் எப்படி வாழ்வது என்று கற்றுக்கொள்ளும் வழி அந்த அளவுக்கு மாறவில்லை.

திருச்சிக்குப் போன காலம்

1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் தாலுகாக்கள். அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனியானது. மாவட்டம் பிரிவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சி, அதையும் தாண்டினால் தஞ்சாவூர். சென்னை டிரங்க் ரோட்டில் இருந்ததால் பெரம்பலூர்க்காரர்களுக்குப் பஸ்ஸுக்குக் குறைவில்லை. கார்டு லைனில் இருந்ததால் அரியலூருக்கு ரயில். ஆண்டிமடம், செந்துறை, வேப்பந்தட்டைக்கு உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து அந்தப் பஸ்ஸையோ ரயிலையோ போய்ப் பிடிப்பதே பெரும்பாடு. வீங்கிய காலோடு டவுன் பஸ் படியில் ஏறுவது இன்றைக்கே லேசில்லை. ஆகவே கை கோணிய பிறகுதான் ஆஸ்பத்திரி நினைப்பே வரும்.

அதுவரைக்கும் அப்பாயி வைத்தியம்: நொச்சித் தழை போட்டு வேது, தவிட்டு ஒத்தடம், முடக்கத்தான் தோசை, உளுந்தங்களி. கூடவே பத்தியம். புளி ஆகாது, உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் கூடவே கூடாது. ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய், ரசஞ்சோறும் சுட்ட அப்பளமுமாக உடம்பு இளைத்தவர்கள் உண்டு. ஒத்தடமும் வேதும் வலிக்கு இதம்தான். அதில் பொய் இல்லை. உள்ளே சவ்வு எலும்பை அரித்துக்கொண்டிருந்ததை அவை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை. அன்றைய மருத்துவப் பாடமே அப்படி. முதலில் ஓய்வு, வலி மாத்திரை. கேட்காவிட்டால் அதைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. கடைசியில், மூட்டு உருக்குலைந்த பிறகு, தங்க உப்பு ஊசி மாதிரியான வலுவான மருந்து. பக்கவிளைவுக்குப் பயந்து படிப்படியாகப் போவதுதான் உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. மருந்து மேல்படிக்குப் போவதற்குள் விரல் கோணிவிடும்.

நடுவில் ஒரு குறுக்கு வழி இருந்தது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் கிடந்த சரவாங்கி நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. அந்த ஸ்டீராய்டு நம்மூர்ச் சந்து கிளினிக்குக்கும் வந்து சேர்ந்தது. "அந்த டாக்டர் கை ராசிக்காரர், ஒரே ஊசி, மறுநாள் களை வெட்டப் போயிட்டா" என்று பேர் வாங்கிய ஊசிகள் பல இந்த வகைதான். பேர் தெரியாத பொட்டலப் பொடிகளில் கலந்திருந்ததும் பல நேரம் இதுதான். அளவோடு, கொஞ்ச காலத்துக்கு, மருத்துவர் பார்வையில் கொடுத்தால் அது நல்ல மருந்து. மாதா மாதம் ஊசியாக வருடக் கணக்கில் ஏற்றினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொருபொருத்துப் போகும். முகம் உப்பியதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று ஊரே சொல்லும்.

இந்தக் காலத்தில் நோயாளிக்குத் தகவல் கிடைத்த இடம் ஓ.பி. வரிசையின் மரப் பெஞ்சு. டாக்டர் முன்னால் நிற்பது இரண்டு நிமிடம். பெஞ்சில் காத்திருப்பது மூன்று மணி நேரம். எந்த மாத்திரைக்கு வயிறு எரியும், எந்த டாக்டர் கத்துவார், வெந்நீரில் கையை முக்கினால் எத்தனை நாழி தாங்கும் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தவள் சொல்லித் தெரிந்தது. சரியும் தப்பும் கலந்த பாடம்தான். ஆனால் அதைச் சொன்னவளுக்கும் அதே வலி இருந்தது.

மருந்து தலைகீழான கதை

மாற்றத்தைக் கொண்டுவந்த மருந்தின் வேரில் ஒரு சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் இருக்கிறார். பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) அங்கே படித்துவிட்டு அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. பிறகு மிகக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை கொடுத்தால் சரவாங்கி அடங்குகிறது என்று 1980-களின் ஆய்வுகள் காட்டின. 1988-ல் அமெரிக்க அரசு சரவாங்கிக்கு அதை அனுமதித்தது. மலிவான மாத்திரை, இன்றும் உலகம் முழுக்க முதலில் எடுப்பது இதைத்தான்.

கூடவே பாடமும் மாறியது. படிப்படியாகப் போன பழைய வரிசை கவிழ்ந்து, நோய் தெரிந்த உடனேயே வலுவான மருந்து என்றாகிவிட்டது. முதல் சில மாதங்களில் பிடித்தால் மூட்டைக் காப்பாற்றலாம். படுத்து ஓய்வெடு என்ற உத்தரவும் போய், கையை அசை, பயிற்சி செய் என்று வந்தது. 2015-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, கைக்கென்று திட்டமிட்ட பயிற்சி விரலின் செயல்திறனைக் கூட்டுகிறது என்று காட்டியது.

சிக்கல் எங்கே என்றால், பழைய ஊசிக்கு நோயாளி எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும். புது மருந்து அப்படியில்லை. அதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். ஆறு வாரம், சில நேரம் மூன்று மாதம் காத்திருந்தால்தான் பலன் தெரியும். ஃபோலிக் அமில மாத்திரையை வேறொரு நாளில் சேர்க்க வேண்டும். ரத்த அணுக்களையும் ஈரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சாராயம் கூடாது. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் யாரால் சொல்ல முடியும்? சொன்னாலும் யாருக்கு மனதில் நிற்கும்?

நோயாளியே வாத்தியார்

இதே கேள்வியை 1970-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் கையில் எடுத்தார். செவிலியராகப் படித்தவர். அவர் வகுத்த முறை எளிது: பத்துப் பதினைந்து பேர், வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆள், பல நேரம் அவருக்கே மூட்டு நோய் இருக்கும். ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலையைத் தாங்களே குறித்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் வந்து, முடிந்ததா, இல்லையென்றால் ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். மற்றவர்கள் வழி சொல்வார்கள்.

பலனை அளந்தபோது லோரிக்குக்கே ஆச்சரியம். யார் அதிகமாகப் பயிற்சி செய்தார்களோ அவர்களுக்குத்தான் வலி அதிகம் குறையும் என்று எதிர்பார்த்தார். கணக்கு அப்படி வரவில்லை. 'இதை என்னால் சமாளிக்க முடியும்' என்ற தைரியம் யாருக்குக் கூடியதோ அவர்களுக்கு வலி குறைந்திருந்தது. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்த 1993 ஆய்வில் வலி சராசரியாக 20 சதவீதமும், டாக்டரிடம் போகும் தடவை 40 சதவீதமும் குறைந்திருந்தன. உடல் இயலாமை மட்டும் 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் தன் போக்கில் போயிருக்கிறது. ஆட்கள் அதற்கு அடங்கிப் போகவில்லை.

பிரிட்டனில் தொழில்வழிச் சிகிச்சையாளர் அலிசன் ஹாமண்ட் இன்னொரு கேள்வி கேட்டார்: பாடம் ஒன்றே என்றாலும் சொல்லும் விதம் மாறினால் என்ன ஆகும்? ஒரு குழுவுக்கு வழக்கம்போலத் தகவலும் கொஞ்சம் செய்முறையும். இன்னொரு குழுவுக்கு மூட்டைக் காக்கும் முறைகளைக் கையால் செய்ய வைத்து, தவறைத் திருத்தி, வீட்டுப்பாடம் கொடுத்து வகுப்பு. ஓராண்டு கழித்தும், 2004-ல் வெளிவந்த நான்காண்டுக் கணக்கிலும் இரண்டாவது குழுவே முன்னால் நின்றது. காலை விறைப்பு குறைவு, அன்றாட வேலையில் திறன் அதிகம், கை கோணுவதும் குறைவு. நோட்டீஸ் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2003-ல் காக்ரேன் அமைப்பு இந்த மாதிரிக் கல்வி ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இயலாமை, மனச்சோர்வு, வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் கொஞ்சம் குறைந்தன. ஆனால் சிறிது காலத்துக்குத்தான். வகுப்பு முடிந்து மாதங்கள் போனால் பலனும் கரைந்தது. இருந்தாலும் கைவிட வேண்டாம், நோய் தெரியும்போதும் மருந்து மாறும்போதும் நோயாளியின் உடல்நிலைக்கோ மனநிலைக்கோ தேவைப்படும்போதும் கல்வியைச் சிகிச்சையின் பாகமாகவே கொடுங்கள் என்று ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2015-ல் பரிந்துரைத்தது.

இன்று வாசலுக்கு வரும் வைத்தியம்

இங்கே மாறியவை நிறைய. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி 1997-ல் வந்தது. பெரம்பலூரை ஒட்டிச் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. சிமென்ட்டுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பேர் போன ஊரில் இன்று வெள்ளைக் கோட்டு மாணவர்கள். சரவாங்கிக்கான ஆர்.ஏ. ஃபேக்டரை ரத்தத்தில் பார்க்க இப்போது யாரும் திருச்சி போக வேண்டியதில்லை.

நோயைப் பற்றிய பேச்சும் கூடியது. 2006-ல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா அடித்தபோது, காய்ச்சல் போயும் மூட்டு வலி மாதக் கணக்கில் போகாமல் கிடந்தவர்கள் ஏராளம். மூட்டு வலிக்கும் ஒரு பேர், ஒரு பரிசோதனை உண்டு என்று பலருக்குத் தெரிந்ததே அப்போதுதான். புதுக் குழப்பமும் பிறந்தது: எந்தக் கை வீக்கத்தையும் "சிக்குன்குனியா வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று தள்ளிவிடுவது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்த ஊரின் பெண் தன்னார்வலர் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து கை, கால் பயிற்சி தருகிறார். திருச்சி பஸ்ஸுக்குக் கடன் வாங்கிய தலைமுறைக்கு இது நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் திட்டத்தின் குறி சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். சரவாங்கி அதன் நடுப்புள்ளி இல்லை. வீட்டு வாசலில் கிடைக்கும் பாடம் தனி ஆளுக்கான பாடமும்கூட. பழைய மரப் பெஞ்சில் இருந்த பக்கத்துப் பெண் இதில் இல்லை. அந்த இடத்தை இப்போது செல்போன் பிடித்துக்கொண்டது. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்து, கிட்னி போய்விடும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னால் அன்றே மாத்திரை நின்றுவிடுகிறது. மாமியார் வாட்ஸ்அப்பில் வந்த கசாயம் அதன் இடத்துக்கு வருகிறது.

பாடம் இல்லாததால் வரும் ஆபத்துக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மருந்துக் கடையில் மாத்திரையைக் கவரில் போட்டுக் காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுத் தருவார்கள். பிரஷர் மாத்திரையை ஐந்து வருடமாகத் தினமும் முழுங்கிப் பழகிய அம்மா, மெத்தோட்ரெக்சேட்டையும் தினமும் முழுங்குகிறார். வாரத்துக்கான மருந்து ஒவ்வொரு நாளும் உள்ளே போகிறது. இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண், சோறு இறங்காது, பிறகு காய்ச்சல். ரத்த அணு இறங்கி உயிர் போனதும் உண்டு. இந்திய மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விபத்து இது. ஊர் வாரச் சந்தை செவ்வாய்க்கிழமை என்றால், அது சந்தை மாத்திரை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சந்தை இல்லாத நாளில் அந்த மாத்திரைக்கு வேலை இல்லை. இந்த மாதிரி யோசனை டாக்டர் மேஜையில் பிறக்காது. பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில், சந்தைக்குப் போகிறவள் வாயிலிருந்துதான் வரும்.

இங்கே நடத்தினால்

ஆறு வாரத்துக்குப் பிறகு கரைந்துபோவதுதான் வெளிநாட்டு வகுப்புகளின் குறை. கரையாத குழு ஒன்று இங்கே ஏற்கெனவே இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஊருக்கு ஊர் உண்டு. வாரமோ மாதமோ கூடுகிறார்கள், நோட்டில் கையெழுத்து போடுகிறார்கள், போன தடவை சொன்னதைச் செய்தாயா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்கிறார்கள். லோரிக் ஸ்டான்ஃபோர்டில் வகுத்த முறைக்கு உயிரே இந்தக் கேள்விதான். கடன் தவணைக்கு இருக்கும் கறார், கைப் பயிற்சிக்கும் வந்தால் கற்றது கரையாது.

பாடத்தை மட்டும் இந்த மண்ணுக்கு மாற்ற வேண்டும். ஜாம் பாட்டில் திறப்பதைக் காட்டும் படம் இந்தப் பக்கத்துக் குன்னத்துக்கு எதற்கு? இங்கே வேண்டியது வேறு. ஈரத்துணியை முறுக்கிப் பிழியாமல், குழாயில் மடித்துப் போட்டு, இரண்டு முனையையும் உள்ளங்கைக்குள் வைத்துத் திருகுவது. நிறைகுடத்தை ஒரே கையில் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் பாதிக் குடமாக இரண்டு நடை நடப்பது. டம்ளரை விரல் நுனியால் பிடிக்காமல் இரு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்துவது. களைக்கொத்தின் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குவது. தரையில் குந்தும் கழிப்பறையில் மேலே வைக்க ஒரு நாற்காலி. ஜாக்கெட் கொக்கியை மருமகளிடம் போடச் சொல்வதில் வரும் கூச்சம். இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. பக்கத்தில் இருப்பவளிடம் இருக்கும்.

முடக்கத்தானைப் பற்றியும் பேசலாம். கீரையைச் சாப்பிடு, மாத்திரையை நிறுத்தாதே என்றால் சண்டை வராது. புளி, உருளைக்கிழங்கைப் பயந்து விட வேண்டியதில்லை என்பதையும் பீடி இந்த நோய்க்கு எண்ணெய் வார்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கை ஏற்கெனவே கோணிப் போனவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பாடம் தனி: ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள், அதற்கு எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்பதைப் போய்வந்தவளே சொல்லட்டும்.

தடங்கல்கள் உண்டு. கூலிக்குப் போகிறவளுக்கு ஒரு வகுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆகவே மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் அதே நாளில் வைக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் இந்தக் குழுவில் உட்கார்ந்தால் வரன் தட்டிப்போகும் என்று வீட்டில் விடமாட்டார்கள். 'கை, கால் பயிற்சிக் குழு' என்று பேர் வைத்தால் பாதிப் பயம் போகும். ஆண்கள் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு நேரம். யாராவது ஒருவர் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசி மற்றவர் மாத்திரையை மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் இயன்முறை மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ கூட உட்கார வேண்டும். மருந்தின் அளவை மட்டும் டாக்டரிடம்தான் கேட்பது என்பது முதல் நாள் சட்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளிர் குழு வழக்கத்தை உடைத்தாக வேண்டும். அங்கே எல்லோரும் பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள். இங்கே பத்து நாற்காலி வேண்டும். கூட்டமும் காலை எட்டு மணிக்கு ஆகாது; விறைப்பு இளகிப் பஸ் பிடித்து வர பதினொன்று ஆகும். கட்டடம் இருக்கிறது, இயன்முறை மருத்துவர் இருக்கிறார், கூடிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு வட்டாரத்தின் மருத்துவ அலுவலர் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பதினொரு மணிக்குப் பத்து நாற்காலியைப் போட்டு வைத்தால், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.